அசன் பீவி சுரண்டிய வானம்

நிலாவில் ஆள் இறங்கிய படம் பேப்பரில் வந்த அன்றைக்குத் திண்டிவனமே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான் பார், கால் தடம் பார், கொடி பார் என்று பஸ் ஸ்டாண்டு முழுக்க அதே பேச்சு. காதர் பாட்சாவின் போட்டோ கடைக்குப் பின்கட்டில் அவன் பெண்சாதி அசன் பீவியும் அந்தப் படத்தைப் பார்த்தாள். அவள் ஆளையும் பார்க்கவில்லை, கொடியையும் பார்க்கவில்லை. ஆளின் தலைக்கு மேலே இருந்த வானத்தைப் பார்த்தாள். கழுவிக் கவிழ்த்த இரும்புச் சட்டி மாதிரி கன்னங்கரேலென்று இருந்தது. பார்த்ததும் பேப்பரை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள்.

"ஏங்க, ஒரு நட்சத்திரம்கூட இல்லியே! எந்தப் பாவி சொரண்டினான் இதை?"

"யாரும் சொரண்டலடி" என்றான் காதர் பாட்சா. "அங்க வெயிலு சுள்ளுனு அடிக்குது, தரை பளபளன்னு இருக்குது. அந்த வெளிச்சத்துல கேமராவை ஒரு சிமிட்டு சிமிட்டிட்டு மூடிடணும். அந்த சிமிட்டுல நட்சத்திரம் விழாது. புரியுதா?"

அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, நம்பவில்லை. பேப்பரை மடித்துத் தூரமாக வைத்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரிகள் சிரித்தார்கள். ஊரே ஆளைப் பார்க்கிறது, இவள் நட்சத்திரத்தைத் தேடுகிறாள், புத்தி பிசகிவிட்டதா என்று கேட்டார்கள். சிரிக்கட்டும். நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று தெரிந்திருந்தால் ஒருத்தியும் சிரித்திருக்க மாட்டாள்.

அசன் பீவி பிறந்தது கோட்டக்குப்பம். சின்ன வயசில் அம்மை போட்டது. ஏதோ நாலு கொப்புளம் போட்டு இறங்குகிற அம்மை இல்லை, பிழைத்ததே பெரிய காரியம். பிழைத்து எழுந்தபோது முகம் பூரா குழி. பெண் பார்க்க வந்த பொம்பளைகள் எல்லாம் பாயாசத்தைக் குடித்துவிட்டு, தகவல் சொல்கிறோம் என்று எழுந்து போனவர்கள்தான், ஒரு தகவலும் வரவில்லை. கடைசியாகத் திண்டிவனத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரி ஒருத்தி வந்து பார்த்தாள். பொண்ணு முகத்தில் வடு இருக்குதுடா என்று காதர் பாட்சாவிடம் போய்ச் சொன்னாள். "போட்டோக்காரனுக்கு அது ஒரு விஷயமா? நெகட்டிவ்ல பாத்தா எல்லா மூஞ்சியும் பிசாசுதான்" என்றானாம் அவன். இப்படிப் பேசுகிற ஆளோடு எவள் குடும்பம் நடத்துவாள் என்று தோன்றும். அசன் பீவி நன்றாகவே நடத்தினாள்.

கல்யாணம் ஆகி ரெண்டு மூணு வருஷத்தில், ஐம்பத்தஞ்சு வாக்கில் இருக்கும், காதர் பாட்சாவுக்குக் கை நடுக்கம் கண்டது. மருந்துத் தண்ணீரிலேயே ஊறிய கை. போட்டோ எடுக்க அது போதும், டச்சிங் செய்யப் போதாது. டச்சிங் என்றால் வேறொன்றுமில்லை. கண்ணாடி நெகட்டிவைச் சாய்வான மரச்சட்டத்தில் வைத்து, பின்னால் வெளிச்சம் விட்டு, முகத்தில் இருக்கிற மரு, வடு, சுருக்கம் எல்லாவற்றையும் எடுப்பது. நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். படத்தில் கறுப்பாக வருவது அதில் வெள்ளையாக இருக்கும், அதைப் பென்சிலால் அடைக்க வேண்டும். படத்தில் வெள்ளைப் புள்ளியாக வருவது அதில் கறுப்பாக இருக்கும், அதைச் சின்னக் கத்தியால் சுரண்ட வேண்டும். ஒரு நாள் கிளியனூர் கல்யாணப் பெண் ஒருத்தியின் கன்னத்தை அவன் கெடுத்துவைத்து, தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அசன் பீவி அந்தப் பென்சிலை வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கன்னத்தைச் சரி பண்ணிவிட்டாள். அன்றிலிருந்து அந்தக் கடை டச்சிங் எல்லாம் அவள் கைதான்.

அப்படி ஒரு கை! தன் முகத்துக் குழியை அடைக்க முடியாத ஆத்திரமோ என்னமோ, அடுத்தவர் முகத்தில் ஒரு குழி விடமாட்டாள். விழுப்புரம், மயிலம் பக்கத்திலிருந்தெல்லாம் அம்மை வடு உள்ள பெண்களைப் படம் எடுக்க இந்தக் கடைக்கு அழைத்து வந்தார்கள். "மெட்ராஸ்ல ஒரு ஆர்ட்டிஸ்ட்டு இருக்காருங்க, பெரிய ஆளு, அவருகிட்ட அனுப்பிப் பண்றேன்" என்று காதர் பாட்சா வாய் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லாமல் என்ன செய்வான்? வீட்டுப் பெண் நாள் பூரா கண்டவன் மூஞ்சியை வெளிச்சத்தில் வைத்துத் தடவிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தால் சொந்தபந்தம் சும்மா இருக்குமா? கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பச்சைத் துணி தொங்கும். அசன் பீவி அந்தத் துணியைத் தாண்டிக் கடைக்குள் கால் வைத்ததே கிடையாது.

அறுபத்தஞ்சாம் வருஷம் ஐப்பசி. பாகிஸ்தான் சண்டை நின்று ஜனங்கள் அப்போதுதான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குள் வானத்தில் வால் நட்சத்திரம் என்று ஒரு பீதி. ஜப்பான்காரர் ரெண்டு பேர் கண்டுபிடித்ததாம், விடிவதற்கு முன்னால் கிழக்கே எழும்புகிறதாம், வால் அரை வானத்துக்கு நீளுதாம். அடுத்து பஞ்சம் என்றார்கள், மறுபடியும் சண்டை என்றார்கள். மழை மேகம் மூடிக்கொண்டு கிடந்ததால் பார்த்தவர்களைவிடப் பார்க்காமல் பயந்தவர்களே அதிகம். அசன் பீவியும் பார்க்கவில்லை.

அப்போதுதான் சவுரிராயன் வாத்தியார் கடைக்கு வந்தார். விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார். தானே பூதக்கண்ணாடி சேர்த்து ஒரு தொலைநோக்கி கட்டி வைத்திருந்தார். ராத்திரியில் தூங்கமாட்டார், பகலில் வகுப்பில் கொட்டாவி விடுவார். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் "நட்சத்திரம் வருது, நட்சத்திரம் வருது" என்று கேலி பண்ணும். ஒரு கேமரா இரவல் வேண்டும், வால் நட்சத்திரத்தைப் படம் எடுக்கணும் என்று விழுப்புரத்துக் கடைக்காரர்களைக் கேட்டிருக்கிறார். இருட்டில் படமா என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். காதர் பாட்சா சிரிக்கவில்லை. பழைய பெட்டிக் கேமரா ஒன்றையும், நாலு கண்ணாடிப் பிளேட்டையும் கொடுத்தான்.

"என்னா சார், அதைப் படம் புடிச்சி என்னா பண்ணப் போறீங்க?"

"பாய், இருவது வருசமா வானத்தைப் பாத்துக்கினு இருக்கேன். ஒண்ணு, ஒரே ஒண்ணு, மனுசன் மேப்புல குறிக்காத ஒண்ணை என் கண்ணால பாத்துட்டுச் சாகணும்னு ஆசை. ஒரு நாளு பிளேட்டுல அது விழும். நீங்க பாருங்க."

பச்சைத் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து இதைக் கேட்ட அசன் பீவிக்கு, அய்யோ பாவம் என்று இருந்தது. ஒரு மனுஷனுக்கு இப்படியும் ஒரு ஆசை வருமா என்று ஆச்சரியமாகவும் இருந்தது.

மழை விட்ட ஒரு விடியலில் கெடார் பக்கத்தில் வேர்க்கடலை போட்ட மல்லாட்டைக் கொல்லை நடுவில் கேமராவை நட்டு வாத்தியார் அந்தப் படத்தை எடுத்தார். மத்த மூணு பிளேட்டும் மேகத்தில் பாழ். ஒன்றே ஒன்றுதான் தேறியது. சாயங்காலமே பஸ் பிடித்து, துண்டில் சுற்றிக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு வந்து காதர் பாட்சாவிடம் கொடுத்தார். "நல்லா வரணும் பாய், என் உசுரு இதுலதான் இருக்குது. சனிக்கெழமை வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்லா வரணும் என்று ஒரு ஆள் சொன்னால் போட்டோ கடையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். டச்சிங் சுத்தமாக இருக்க வேண்டும்.

காதர் பாட்சா இருட்டறையில் பிளேட்டைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவன், "போச்சுடா!" என்று அலறினான். வால் ஜம்மென்று விழுந்திருந்தது. ஆனால் அதைச் சுற்றிப் பிளேட்டு முழுக்கக் கறுப்புப் புள்ளி. கேப்பையை வாரி இறைத்த மாதிரி, விரல் வைக்க இடமில்லாமல் புள்ளி. அந்தப் பிளேட்டுப் பெட்டி மழைக்கு ஒழுகுகிற சுவரோரம் கிடந்தது. பூசணம் பிடித்த பிளேட்டைக் கொடுத்து வாத்தியார் உசுரைக் கெடுத்துவிட்டோமே என்று பிளேட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினான். மழைக்காலத்தில் அந்தக் கடையில் புள்ளி விழாத பிளேட்டே கிடையாது. வருஷா வருஷம் அசன் பீவி சுரண்டுவதும் வழக்கம்தான்.

"புள்ள, இதைப் பாரு. ஒரே பேஜாரு. வாலு இருக்குது பாரு, அது மட்டும்தான் நெசம். மத்தது பூரா அழுக்கு. ஒண்ணுவிடாம எடுத்துடு."

அவள் பிளேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வானம்னா நட்சத்திரம் இருக்காதாங்க?"

"இருக்கும். ஆனா இத்தினியா இருக்கும்? நீயும் நானும் மொட்டை மாடியில நின்னு பாக்கறமே, இதுல காவாசி தெரியுதா? நம்ம கண்ணுக்கே தெரியாதது கேமராவுக்கு எங்கேருந்து தெரியும்? விளக்கைத் தூக்கி மூஞ்சியில அடிச்சாத்தான் அதுக்கு மூக்கே தெரியுது. போன ரம்ஜான் நோம்புல, பவுர்ணமி நிலா வெளிச்சத்துல பள்ளிவாசலை எடுத்தேனே, ஒரு நட்சத்திரம் விழுந்துதா?"

விழவில்லை. அவளும்தான் அந்தப் படத்தைப் பார்த்திருந்தாள். அவன் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. தொழில் தெரிந்தவன் சொல்கிற நியாயம், அதுதான் வினை.

சோறு ஆக்கி இறக்கிவிட்டு உட்கார்ந்தாள். கத்தி நுனியைக் கல்லில் ஒரு தேய்ப்புத் தேய்த்துக்கொண்டு ஆரம்பித்தாள். ஒரு புள்ளி, ஒரு சின்னச் சுரண்டல், ஒரு ஊதல். அடுத்த புள்ளி. மூக்கு நுனியில் வேர்வை நிற்கும், துடைக்க மாட்டாள். மறுநாளும் உட்கார்ந்தாள். கழுத்து இற்றுப்போயிற்று, கண்ணில் தண்ணீர் கொட்டியது. யாரோ ஒரு வாத்தியார், இருவது வருஷமாக ஏங்குகிறார், அவருக்குப் பளிங்கு மாதிரி கொடுக்க வேண்டும் என்று அவளுக்கே ஒரு வெறி. எந்தக் கல்யாணப் பெண்ணுக்கும் அவள் இவ்வளவு பாடுபட்டதில்லை. வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்கு முன்னால் முடித்தாள். வாலைச் சுற்றி ஒரு தூசு கிடையாது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "மாஷா அல்லாஹ்" என்று தன் கையைத் தானே மெச்சிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையில் கறி வாங்கப் பஸ் ஸ்டாண்டு பக்கம் போன காதர் பாட்சா, கறி வாங்காமல் ஓடி வந்தான். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

"அந்தப் பிளேட்டு எங்கடி? தொட்டியா? முடிச்சிட்டியா?"

"நேத்தே முடிச்சிட்டேனே. ஏங்க, என்னா ஆச்சு?"

அவன் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டான். வாய் குழறியது. பஸ்ஸை விட்டு இறங்கிய வாத்தியார் எதிரே வந்திருக்கிறார். வந்ததும் வராததுமாக, புள்ளி எவ்வளவு விழுந்திருக்கு பாய், நெறைய இருக்கணுமே என்று கேட்டிருக்கிறார். புள்ளியா என்று இவன் விழிக்க, அவர் விளக்கியிருக்கிறார். நம் கண் அந்தந்த நொடிக்கு வருகிற வெளிச்சத்தை மட்டும்தான் பார்க்கும். பிளேட்டு அப்படி இல்லை, திறந்து வைத்த நேரம் பூரா வாங்கி வாங்கிச் சேர்த்துவைக்கும். கூரையில் சொட்டுகிற ஒரு சொட்டு ஒன்றுமே இல்லை, கீழே பானையை வைத்துவிட்டால் நிரம்புகிறது இல்லையா, அப்படி. அதற்காகத்தான் பூமி சுற்றச் சுற்ற, புள்ளி இழுபட்டுக் கோடாகிவிடாமல், கேமராவையும் கூடவே ஒரு திருகாணியால் கையாலேயே திருப்பிக்கொண்டிருந்தாராம், குளிரில் விரல் மரத்துப்போக.

"மனுசக் கண்ணு பாக்காத நட்சத்திரமெல்லாம் அதுல இருக்கும் பாய்னு சொல்றாருடி அந்த ஆளு, சிரிச்சிக்கினே சொல்றாரு! மதியம் வாங்க சார், பிளேட்டு காயலைன்னு சொல்லிட்டு ஓடியாறேன்."

அசன் பீவி அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அப்ப... அத்தினியுமா? அத்தினியும் நட்சத்திரமா?"

"அத்தினியும்."

"யா அல்லாஹ்!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். சுரண்டிய தூளை ஊதி ஊதித் தள்ளிய அதே தரையைப் பார்த்தாள். காலையில் பெருக்கி வாரி வெளியே கொட்டியாகிவிட்டது. "நான் கேட்டேனே! நட்சத்திரம் இருக்காதான்னு கேட்டேனே உங்களை!"

"கேட்ட. நான்தான் மடையன். இப்ப அழுது பிரயோசனமில்ல. ஜல்தி பென்சிலை எடு. திருப்பி வெச்சிடு."

"எதை?"

"புள்ளியை! புள்ளி வெக்கறது உனக்கு ஒரு வேலையா? அங்க ஒண்ணு இங்க ஒண்ணு தூவிடு. அவரு என்னா எண்ணியா வெச்சிருக்காரு?"

அசன் பீவி பென்சிலைத் தொடவில்லை. "ஒருத்தி மூஞ்சியில இருக்குற மச்சத்தை எடுத்து வேற எடத்துல வெச்சா, பெத்தவளுக்குத் தெரியாதா? அவரு இருவது வருசமா பாக்கற மூஞ்சிங்க அது. என்னால முடியாது."

"நீ ஊரு மூஞ்சியெல்லாம் மாத்தலியா?"

சுருக்கென்று தைத்தது அது. அவள் பென்சிலை எடுக்கமாட்டாள் என்று கண்டதும் அவனே உட்கார்ந்துவிட்டான். பென்சில் ஒட்டுவதற்கான மருந்தைத் தடவி, நடுங்குகிற கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, புள்ளி புள்ளியாக வைத்தான். காலியாக இருந்த இடத்தில் வைத்தான், வாலுக்குள்ளேயும் நாலு வைத்தான். வேண்டாம் என்று கையைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. இவன் அகப்பட்டுக்கொண்டால் கடை மானம் போகும், ஆர்ட்டிஸ்ட்டு யார் என்று கேள்வி வரும், எல்லாம் ஒரு கணத்தில் அவள் மனசில் ஓடிவிட்டது. அந்தப் பயத்தில் அவன் வைக்கிற ஒவ்வொரு புள்ளியையும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மதியம் வாத்தியார் வந்தார். பச்சைத் துணிக்கு இந்தப் பக்கம் அசன் பீவி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள். துணியின் ஓரத்து இடுக்கில் அவர் கை தெரிந்தது, பிளேட்டு தெரிந்தது. அவர் ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தார். அச்சடித்த வான மேப்பு ஒன்றைப் பக்கத்தில் விரித்தார். நேராக வாலுக்குத்தான் போனார்.

"இதோ... மேப்புல இது. பிளேட்டுல இது. சரியா இருக்கு! இது, இது, பாருங்க பாய், வாலுக்குள்ளேயே தெரியுது! அட கர்த்தரே!"

காதர் பாட்சாவுக்கே ஒன்றும் விளங்கவில்லை. தான் கண்ணை மூடிக்கொண்டு வைத்த புள்ளி மேப்போடு எப்படிப் பொருந்தும் என்று பேந்தப் பேந்த விழித்தான். துணிக்குப் பின்னால் அசன் பீவிக்கும் அதே திகைப்பு. ஆண்டவன் காப்பாற்றிவிட்டானா என்று ஒரு மூச்சு விட்டாள்.

அந்த மூச்சு முடியவில்லை. வாத்தியாரின் விரல் வாலைத் தாண்டி ஓரிடத்தில் நின்றது.

"பாய்... இங்க ஒண்ணு இருக்கு. மேப்புல இல்ல."

"சார்?"

"மேப்புல இல்ல பாய்! மறுபடியும் பாக்கறேன் இருங்க. இல்ல. இல்லவே இல்ல. புதுசு! இது புதுசு!" அந்தப் பெரிய மனுஷன், நரைத்த தலைக்காரர், கடை நாற்காலியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்துவிட்டார். "இன்னிக்கே தந்தி குடுக்கறேன். வானத்தைப் பாக்கறதுக்குன்னே மலை மேல ஆபீஸ் வெச்சிருக்காங்க, அவங்களுக்கு. என் பேரைப் போட்டுத் தந்தி. இந்தப் பசங்க சிரிச்சானுங்களே பாய்! என் சம்சாரம்கூடச் சிரிச்சாளே!"

காதர் பாட்சா, "ரொம்ப சந்தோசம் சார்" என்றான். அந்தக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

அவர் விரல் நின்ற புள்ளியை அசன் பீவி இடுக்கு வழியாகப் பார்த்தாள். அந்தப் புள்ளி எது என்று அவளுக்குத் தெரியும். காதர் பாட்சாவின் கை நடுங்கி, பென்சில் முனை ஒடிந்து, கொஞ்சம் அழுத்தி விழுந்துவிட்ட புள்ளி. அதை வைத்துக்கொண்டு இந்த ஆள் ஊரறியத் தந்தி கொடுப்பார். மலை மேல் இருக்கிறவர்கள் அந்த இடத்தைத் தேடிப் பார்ப்பார்கள். ஒன்றும் இருக்காது. கேலி பண்ண இனி பள்ளிக்கூடப் பிள்ளைகள் மட்டுமா? அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பச்சைத் துணியைத் தள்ளிக்கொண்டு கடைக்குள் வந்து நின்றாள்.

"அது நட்சத்திரம் இல்லீங்க சார். எங்க வூட்டுக்காரரு வெச்ச புள்ளி."

"உள்ள போடி!" என்று காதர் பாட்சா துள்ளி எழுந்தான்.

"போமாட்டேன். சார், மெட்ராஸ்ல ஆர்ட்டிஸ்ட்டும் இல்ல, ஒருத்தரும் இல்ல. டச்சிங் பண்றது நான்தான். பிளேட்டு நெறையப் புள்ளி இருந்துச்சு. பூசணம்னு நெனச்சி எல்லாத்தையும் நான் சொரண்டிட்டேன். ரெண்டு நாளா சொரண்டினேன். இப்ப இருக்கறது பென்சிலு." கையைக் கூப்பினாள். "தந்தி குடுத்துடாதீங்க சார். உங்க கால்ல விழறேன்."

வாத்தியார் அவளைப் பார்த்தார். காதர் பாட்சாவைப் பார்த்தார். கண்ணில் இன்னும் சந்தோஷக் கண்ணீர் காயவில்லை, வாய் மட்டும் பிளந்துகொண்டது. "சொரண்டிட்டியா?" என்று மட்டும் கேட்டார். காது கேளாதவர் கேட்பது போல மறுபடியும், "சொரண்டிட்டியா?" என்றார்.

நம்பவில்லை என்று அசன் பீவிக்குத் தெரிந்தது. நம்பாமல் எழுந்து தந்தி ஆபீசுக்குப் போய்விட்டால்? அவள் டர்பன்டைன் பாட்டிலை எடுத்து, வெள்ளைத் துணியில் நனைத்து, பிளேட்டை மேசை மேல் வைத்தாள். "பாருங்க சார். பென்சிலுன்னா போய்டும்." அவர் கண் முன்னாலேயே துடைத்தாள். காலியிடத்துப் புள்ளிகள் ஒரே இழுப்பில் போயின. ஓரத்தில் இருந்தது போயிற்று. வாத்தியாருடைய புது நட்சத்திரம் ஒரு தேய்ப்புக்குக்கூடத் தாங்கவில்லை, துணியில் சாம்பலாக ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. "அம்மா!" என்று அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

அவள் நிறுத்தவில்லை. வாலுக்குள் துணியைக் கொண்டுபோனாள். அங்கே சில புள்ளி போயிற்று, சில புள்ளி போகவில்லை. அழுத்தித் தேய்த்தாள். போகவில்லை. துணியை மாற்றித் தேய்த்தாள். அப்படியே இருந்தது.

"இது... இது ஏன் போகல?" என்று பயந்துபோய்க் கேட்டாள்.

வாத்தியார் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். "இது நெசம்மா" என்றார். "இங்க நீ கத்தி வெக்கல."

வைக்கவில்லைதான். வால் பனிப்புகை மாதிரி இருந்தது, கத்தி பட்டால் கிழிந்த மாதிரி ஆகிவிடுமோ என்று பயந்து அந்தப் பக்கமே போகவில்லை. அதனால்தான் அவை தப்பின. மேப்போடு பொருந்தியதும் அவைதான். அவர் பூதக்கண்ணாடியை அவளிடம் நீட்டினார். அசன் பீவி குனிந்து பார்த்தாள். வாலை ஊடுருவிக்கொண்டு, வாலுக்குப் பின்னாலிருந்து, கூர்மையாகக் கறுப்புப் புள்ளிகள். இதையா, இதைப் போலவா, நான் ஊதித் தள்ளினேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

"இந்த வால் நட்சத்திரம் மறுபடி எப்ப சார் வரும்? திருப்பி எடுக்கலாமில்ல?"

"அது கிளம்பிப் போய்க்கினு இருக்கும்மா, மங்கிப் போச்சு. எண்ணூறு வருசத்துக்கு மேல ஆவும் திரும்பி வர்றதுக்கு."

"அப்ப அந்த மத்த நட்சத்திரம்?"

"அதுங்க அங்கயேதான் இருக்கும், எங்க போவும்? ஆனா அன்னிக்கு விழுந்த வெளிச்சம் அன்னிக்கு விழுந்ததுதான். அதுல சிலது கிளம்பி முந்நூறு நானூறு வருசம் ஆயிருக்கும். அவ்வளவு தூரம் வந்து கெடார் கொல்லையில இந்தக் கண்ணாடி மேல விழுந்துது." அவர் கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். வகுப்பில் சொல்கிற மாதிரி, சாதாரணமாகச் சொன்னார்.

நானூறு வருஷம் நடந்து வந்ததை ரெண்டு மதியத்தில் சுரண்டித் தெருவில் கொட்டியிருக்கிறாள். அவள் அழவில்லை. அழுகையைத் தாண்டிய எதுவோ அவளைப் பிடித்துக்கொண்டது. பிளேட்டின் காலியிடத்தையே வெறித்தாள். அந்த இடத்தில் எங்கெங்கே என்ன இருந்தது என்று நினைத்துப் பார்த்தாள். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. அழுக்கு என்று நினைத்துத் துடைப்பதை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்?

"சார்" என்றாள், மெதுவாக. "ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளும்மா."

"நான் சொரண்டினதுல... மேப்புல இல்லாதது ஒண்ணு, நெசமாவே ஒண்ணு, இருந்திருந்தா?"

காதர் பாட்சா தலையைக் குனிந்துகொண்டான். வாத்தியார் மேப்பை எடுத்தார். பாதி மடித்து மறுபடி விரித்தார். அவருக்கு அது அதுவரைக்கும் தோன்றவே இல்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. இப்போது தோன்றிவிட்டது.

"இருந்திருக்கலாம்" என்றார். "இல்லாமலும் இருந்திருக்கலாம். பிளேட்டு ஒண்ணுதான். இனிமே அது யாருக்கும் தெரியாதும்மா."

அசன் பீவி டர்பன்டைன் துணியோடு அப்படியே கடைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாசலில் கல்யாணக் கோலத்தில் ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் வந்து நின்று, பாய், பாய் என்று ரெண்டு தரம் கூப்பிட்டார்கள். உள்ளே இருந்த மூணு பேரில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.